எதிர் வீட்டு அம்மாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

டாலஸ் வட்டாரத் தமிழ் நண்பர்களுக்கும் எங்கள் இர்விங் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

நேற்று மாலைதான் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. டெக்சாஸ் முழுக்க உறைந்து, கரண்டும் தண்ணீரும் நின்றுபோன இந்த 2021 பிப்ரவரி வாரத்தைப் பற்றி உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை, நீங்களும் அதில்தான் இருந்தீர்கள். நாங்கள் எல்லோரும் நலம். நன்றி சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

கரூரிலிருந்து நாங்கள் இங்கே வந்தது 2020 ஜனவரியில். சாமான்களைப் பிரித்து அடுக்குவதற்குள் கொரோனா வந்துவிட்டது. அதனால் ஒரு வருடம் ஆகியும் அக்கம்பக்கத்தில் யாரோடும் பழக்கமில்லை. எதிர் வீட்டில் தனியாக இருக்கும் வயதான அம்மாவைப் பார்த்து, குப்பைத்தொட்டியைத் தெருவோரம் இழுத்து வைக்கும்போது கையசைப்போம், அவ்வளவுதான்.

16ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி பதிவான நாள். 1949க்குப் பிறகு இங்கே இப்படிக் குளிர்ந்ததில்லையாம். அன்று காலை அந்த அம்மா உறைபனியில் மெல்ல நடந்து வந்து கதவைத் தட்டினார். முகக்கவசம் போட்டிருந்தார், கையில் ஒரு தீப்பெட்டி. "உங்கள் அடுப்பு கரண்டில் ஓடுவதுதானே? என்னுடையது கேஸ், குச்சி உரசினால் பற்றும். குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டுமே, வாருங்கள்" என்றார்.

அவர் இன்னும் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வருடமாகச் சொந்த மகனைக்கூட வாசலில் நிறுத்தித்தான் பேசியிருக்கிறார். அப்படிப்பட்டவர் எங்களைச் சமையலறை வரைக்கும் கூட்டிப்போனார். அந்தக் குளிரிலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தார், கேஸுக்காகவும் எங்கள் எல்லோருக்காகவும். பால் காய்ச்சினேன், பிளாஸ்க்குகளில் வெந்நீர் நிரப்பினேன், அரிசியும் பாசிப்பருப்பும் போட்டுப் பொங்கல் வைத்தேன். அவரும் ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டக் கூடாது, கராஜுக்குள் காரை ஓடவிட்டு அதில் உட்காரக் கூடாது, அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும். ஹூஸ்டனில் அப்படி உயிர்போன செய்தியைப் பிறகு கேட்டபோது உடம்பு நடுங்கியது. சிங்க்குக்குக் கீழே உள்ள கதவுகளைத் திறந்து வைத்தால் குழாய்க்குக் கொஞ்சமாவது சூடு போகும் என்றார். அப்புறம் என் கணவரைத் தெருவோரம் அழைத்துப்போய், தரையில் இருந்த மூடியைத் திறந்து, தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வைக் காட்டினார். அதைத் திருப்பும் நீளமான சாவியையும் கொடுத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை குழாய் வெடித்தபோது வீடு நனையாமல் தப்பியது அதனால்தான்.

கரண்ட் இருந்த தன் வீட்டில் எங்களைத் தங்கவைத்த ஃபிரிஸ்கோ நண்பர், எந்தக் கடையில் தண்ணீர் கிடைக்கிறது என்று ராத்திரியெல்லாம் வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டே இருந்தவர்கள், கேன் தண்ணீரைப் பங்கு போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர்கள், அத்தனை வேலைக்கு நடுவிலும் வந்த பிளம்பர், கம்பத்தில் ஏறி வேலை பார்த்த ஊழியர்கள், உங்கள் எல்லோருக்கும் நன்றி.

அமெரிக்காவில் பக்கத்து வீட்டுக்காரர் முகம்கூடத் தெரியாது என்று ஊரில் சொல்லித்தான் அனுப்பினார்கள். இனி யார் அப்படிச் சொன்னாலும் நான் இந்த அம்மாவைப் பற்றிச் சொல்வேன்.

ஒரு வால்வு சாவி நாங்களும் வாங்கப் போகிறோம். இந்தத் தெருவுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும், குளிர் தொடங்கும் முன்பே போய்க் கதவைத் தட்டி, அவர்கள் வீட்டு வால்வு எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு வருவோம்.