சனிக்கிழமை ராத்திரிகளில் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றிங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. சம்பள நாளான சனிக்கிழமையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைக் குறைக்க, பல்லடம் பக்கம் எங்கள் ஊரில் தொடங்கிய வேலைக்கு ஒரு வருசம் ஆகிறது.

முதல் நன்றி கணக்கு வாத்தியார் ஐயாவுக்கு. போஸ்டர், பேரணி என்று நாங்கள் பரபரத்தபோது, "இப்ப எத்தனை பேர் அடிபடறாங்கன்னு எழுதி வெக்காம ஆரம்பிச்சா, அப்புறம் குறைஞ்சுதான்னு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டவர் அவர். வழக்கு எண்ணிக்கை மட்டும் போதாது, எத்தனை பேரை ஊதச் சொன்னார்கள் என்பதும் வேண்டும் என்றார். சோதனையே நடக்காத வாரத்தில் வழக்கு எங்கிருந்து வரும்? இரண்டையும் வாராவாரம் தந்த காவலர்களுக்கு நன்றி. 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம், முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோகூட வரலாம் என்று தறிக்கூடம் தறிக்கூடமாக வந்து சொன்னவர்களும் அவர்களே. பெயர் எதுவும் இல்லாமல், அடிபட்ட கிழமையையும் நேரத்தையும் மட்டும் குறித்துத் தந்த நர்ஸ் அக்காக்களையும் மறக்க மாட்டோம்.

ஆனால் உண்மையில் வேலை செய்தது ஒரு ஷெட். மகளிர் குழு அக்காக்கள் வீடு வீடாகப் போய், குடித்த பிறகும் ஏன் வண்டியை எடுக்கிறார்கள் என்று கேட்டார்கள். திமிரில் எடுக்கிறார்கள் என்றுதான் ஊரே நினைத்திருந்தது. வந்த பதில் வேறு: "வண்டிய ரோட்டுல உட்டுட்டு வந்தா காலைல இருக்குமா?" கேட்டதும் தன் நூல் குடோனின் முன்பக்க ஷெட்டைத் திறந்துவிட்டார் ஓர் அண்ணன். வண்டியை நிறுத்தி, சாவியைப் பக்கத்து பேக்கரியில் கொடுத்துவிட்டு, காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம். காசு கிடையாது, யாரும் ஏசுவதும் கிடையாது. பனியன் கம்பெனிக்காரர்கள் வேனைச் சனிக்கிழமை ராத்திரி இன்னொரு நடை விட்டார்கள். மனசார நன்றிங்க.

பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஷெட்டும் வேனும் இல்லாமலே, ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கள் ஊர்க் கணக்கையும் எழுதித் தந்தார்கள். எங்கள் பக்கம் சனி இரவில் அடிபடுவது குறைந்திருக்கிறது, அங்கே அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒரு வருசக் கணக்கு பத்தாது என்கிறார் வாத்தியார். சரி, தொடர்ந்து எழுதுவோம். ஆனால் அதற்காக அவர்களைக் காத்திருக்க வைப்பது நியாயமில்லை. வைகாசியில் அங்கேயும் ஒரு ஷெட் திறக்கிறோம். சாவி வாங்கி வைக்க ராத்திரியில் கடை திறந்திருக்கும் ஒருவர் வேண்டும், முன்வாங்க.