டிராக் டே ஓட்டத்துக்காகக் கொடுத்த டொயோட்டா 86: பிரேக், ஆயில் கூலர், ஹார்னெஸ் வேலைகள் பற்றிய புகார்

அனுப்புநர்:
வாகன உரிமையாளர்,
சுபாங் ஜெயா, சிலாங்கூர்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர்,
வாகன மேம்பாட்டுப் பட்டறை,
சிலாங்கூர்.

பொருள்: டிராக் ஓட்டத்துக்கென்று கட்டணம் பெற்றுச் செய்த வேலைகளில் உள்ள குறைகளைச் சரிசெய்வதும் பணத்தைத் திருப்பித் தருவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் கார் 2013ஆம் ஆண்டு டொயோட்டா 86, மேனுவல் கியர், பழைய காராக வாங்கியது. செப்பாங் பந்தயத் தளத்தில் டிராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்டும் நாள்) ஓட்டுவதற்கான கார் என்று உங்கள் ஜாப் ஷீட்டின் (வேலைக் குறிப்புத் தாளின்) முதல் வரியிலேயே எழுதியிருக்கிறது. எஞ்சின் பவரைக் கூட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. பிரேக் சூட்டைத் தாங்க வேண்டும், எஞ்சின் எண்ணெய் கட்டுக்குள் இருக்க வேண்டும், முன்சக்கரங்கள் வளைவில் பிடிக்க வேண்டும், ஓட்டுபவர் சீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. இந்த நான்கிலும் குறை இருக்கிறது. வேறொரு பட்டறையில் கழற்றிப் பார்த்து, படம் எடுத்து, அளந்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் பிரேக். செப்பாங்கின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். இரண்டு நீண்ட நேர்சாலைகள் 15ஆம் வளைவில் முதுகோடு முதுகாகச் சேர்கின்றன. மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும் காரை 15ஆம் வளைவுக்கு முன்பு ஒரு முறையும், உடனே அடுத்த நேர்சாலை முடிந்து 1ஆம் வளைவுக்கு முன்பு இன்னொரு முறையும் பாதி வேகத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும். போதாததற்கு 14ஆம் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியபடியே பிரேக் பிடிக்க வேண்டும். அங்கே பெடல் பொய் சொன்னால் திருத்திக்கொள்ள இடமில்லை. இந்தக் காரில் மூன்றாவது சுற்றிலேயே பெடல் நீளமாகி, பஞ்சு போல் அமுங்கத் தொடங்கியது.

உங்கள் சூப்பர்வைசர் இதைக் கேட்டதும், "பேட் இன்னும் செட் ஆகவில்லை" என்றார். அந்தப் பதில் தவறு. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்தால் பெடல் கல் போல் கெட்டியாக இருக்கும், கார் மட்டும் நிற்காது. பெடலே கீழே போகிறது என்றால் பிரேக் திரவம் கொதித்து ஆவியாகியிருக்கிறது என்று பொருள். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. இந்த வேறுபாட்டை டிராக் கார் வேலை எடுப்பவர்கள் காரைத் தூக்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

காரணமும் தெரிந்துவிட்டது. பில்லில் 500 மில்லி பாட்டில் இரண்டு, உலர் கொதிநிலை 300 டிகிரிக்கு மேற்பட்ட டாட் 4 ரேஸிங் திரவம் என்று 260 ரிங்கிட் போட்டிருக்கிறீர்கள். மேலே இருக்கும் டப்பாவில் திரவம் புதிதாக, தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் பின்பக்க வலது காலிப்பரின் (பேட்டை அழுத்தும் பாகத்தின்) பிளீட் நிப்பிளை, அதாவது திரவத்தை வெளியேற்றும் திருகைத் திறந்ததும் தேநீர் நிறத்தில் பழைய திரவம் வந்தது. கொதிநிலைச் சோதனைக் கருவி அதற்கு 168 டிகிரி காட்டியது. சாதாரண டாட் 4 திரவமே ஈரம் ஏறாத நிலையில் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்குகிறது. குழாய்களுக்குள் இருந்தது பல வருடம் ஈரம் குடித்த திரவம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. டப்பாவில் இருந்ததை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றியிருக்கிறார்கள். முறைப்படி நான்கு சக்கரங்களிலும், ஒவ்வொன்றிலும் நிறம் மாறித் தெளிவாக வரும்வரை திரவத்தை வெளியேற்றியிருக்க வேண்டும். இந்தக் காரில் கிளட்சும் அதே டப்பாவிலிருந்துதான் திரவம் எடுக்கிறது, ஆகவே கிளட்ச் சிலிண்டரையும் சேர்த்தே பிளீட் செய்ய வேண்டும். ஒரு லிட்டர் இதற்குப் போதும். அந்த ஒரு லிட்டருக்கு நான் பணம் கொடுத்திருக்கிறேன்.

டிஸ்க்கிலும் தவறு நடந்திருக்கிறது. நீங்கள் விற்ற முன் டிஸ்க்குகளின் உள்ளே வளைந்த துடுப்புகள் உள்ளன. அவை இடது, வலது என்று தனித்தனியே வருபவை. சக்கரம் சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து ஓரம் வழியே வெளியேற்ற, துடுப்புகள் டிஸ்க்கின் மேற்புறத்தில் காரின் பின்பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இந்தக் காரில் இரண்டும் பக்கம் மாற்றி மாட்டப்பட்டிருக்கின்றன. மேற்பரப்பில் உள்ள கோடுகளைப் பார்த்து மாட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கோடு எந்தத் திசையில் போனாலும் பெரிய நட்டமில்லை, துடுப்பின் திசைதான் முக்கியம். ஏற்கெனவே கொதிக்கத் தயாராக இருந்த திரவத்துக்கு, ஆறாத டிஸ்க்கும் சேர்ந்துகொண்டது.

அடுத்தது ஆயில் கூலர். மனத்தை அதிகம் உறுத்துவது இதுதான், ஏனென்றால் இங்கே தீப்பிடித்திருக்கலாம். சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் இந்தப் பாக்ஸர் எஞ்சினில், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அடியில் இருக்கிறது. ஆயில் பில்டரோ மேலே தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது. பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே நீங்கள் பொருத்திய, எண்ணெயைக் கூலருக்குத் திருப்பும் சாண்ட்விச் பிளேட் கசிந்தால், எண்ணெய் போய்ச் சேரும் இடம் அந்தச் சூடான இரும்புதான். பிளேட்டைக் கழற்றியபோது பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சின் முகத்திலேயே ஒட்டியிருந்தது, அதன் மேல் பிளேட்டின் ஓ-ரிங்கை வைத்து முடுக்கியிருந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் இருந்தால், நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும்போது சொட்டுக்கூட வராது. ஆர்பிஎம் ஏறி எண்ணெய் அழுத்தம் கூடும்போது மேல் ரப்பர் பிதுங்கி வெளியே வந்துவிடும். ஒரு துணியால் அந்த முகத்தைத் துடைத்திருந்தாலே இது கண்ணில் பட்டிருக்கும். டிராக்கில் எண்ணெய் சிந்தினால் பின்னால் வரும் கார்களும் அதில் வழுக்கும்.

ஹோஸ் போன வழியும் சரியில்லை. இரண்டு ஹோஸ்களில் ஒன்று முன் ஸ்வே பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) மேல் நேரடியாக உரசிக்கொண்டிருக்கிறது. வெளியே உள்ள எஃகுப் பின்னல் ஒரு விரலகலத்துக்குத் தேய்ந்துவிட்டது. ரப்பர் உறை போட்ட கிளாம்ப் ஒன்றுகூட இல்லை, பிளாஸ்டிக் டைகளை மட்டும் நம்பியிருக்கிறீர்கள். ஸ்வே பார் அசையும் பாகம், அதன் முழு அசைவையும் கணக்கில் எடுத்தே ஹோஸுக்கு இடம் விட வேண்டும்.

ஜாப் ஷீட்டில் தெர்மோஸ்டாட் (எண்ணெய் சூடான பிறகே அதைக் கூலருக்கு அனுப்பும் வால்வு) உள்ள பிளேட் என்று எழுதிவிட்டு, தெர்மோஸ்டாட் இல்லாததைப் பொருத்தியிருக்கிறீர்கள். நம் நாட்டு வெயிலுக்கு அது தேவையில்லை என்றார் உங்கள் சூப்பர்வைசர். தேவை. இந்தக் கார் டிராக்குக்குச் சாலை வழியாகத்தான் போய் வருகிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போதும் மழையிலும் எண்ணெய் 80 டிகிரிக்குக் கீழேயே தங்கிவிட்டால், அதில் சேரும் பெட்ரோலும் ஈரமும் ஆவியாகி வெளியேறாது. சிலிண்டருக்குள் நேரடியாகவும் பெட்ரோல் பீச்சும் எஞ்சின் இது, எண்ணெயில் பெட்ரோல் கலப்பது இதில் எளிது. டிராக்கில் நிலைமை நேர்மாறு. கூலர் இல்லாத 86-இல் தொடர்ந்து விரட்டினால் எண்ணெய் 130 டிகிரியைத் தாண்டும், கூலர் போடுவதே அதற்காகத்தான். இப்போது கூலர் இருந்தும் 128 வரை போகிறது. ஏசி கண்டென்ஸருக்கு முன்னால் அதைத் தொங்கவிட்டு, சுற்றிலும் இடைவெளியை அடைக்காமல் விட்டிருக்கிறீர்கள். காற்று எளிய வழியைத் தேடிக் கூலரைச் சுற்றிப் போய்விடுகிறது. அலுமினியத் தகடோ ஃபோமோ வைத்துப் பக்கங்களை அடைத்தாலே பெரும் மாற்றம் தெரியும்.

எண்ணெய் அளவையும் யாரும் சரிபார்க்கவில்லை. பில்டரோடு சேர்த்து இந்த எஞ்சினுக்கு 5.4 லிட்டர். நீங்கள் ஊற்றியதும் அதே 5.4 லிட்டர் என்று பில் சொல்கிறது. கூலரிலும் ஹோஸ்களிலும் நிரம்பிய எண்ணெய் எங்கிருந்து வந்தது? எஞ்சின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பிலிருந்துதான். எஞ்சினை ஓடவிட்டு, கூலர் நிரம்பிய பிறகு நிறுத்தி, அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீண்டும் ஊற்ற வேண்டும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. 5, 6ஆம் வளைவுகள் போன்ற வேகமான நீண்ட வளைவுகளில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவும் குறைந்திருந்தால் பிக்கப் குழாய் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும், முதலில் அடிவாங்குவது கனெக்டிங் ராட் பேரிங்.

சக்கர அலைன்மென்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் முன் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) மைனஸ் 2.5 டிகிரி, டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூஜ்ஜியம் என்று கேட்டேன். நீங்கள் கொடுத்த தாளிலேயே இடது மைனஸ் 2.6, வலது மைனஸ் 1.7 என்று இருக்கிறது. கேம்பர் பிளேட் போட்ட காரில் இந்த அளவு வித்தியாசத்துக்கு இடமில்லை. கேம்பரை மாற்றினால் டோ தானாக மாறும், ஆனால் டோவைச் சரிசெய்யும் டை ராட் லாக் நட்டை யாரும் தொட்ட அடையாளமே இல்லை. வலது முன் டயரின் வெளித்தோள் கரைந்திருக்கிறது.

ஹார்னெஸ் (பந்தயக் கார்களுக்கான சீட் பெல்ட்) விஷயத்தில் சமரசத்துக்கு இடமில்லை. தோள் மேல் வரும் பட்டைகள் பின்சீட் பெல்ட்டின் அடி போல்ட்டுகளில் மாட்டப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து அவை செங்குத்தாகத் தோளைக் கீழே இழுக்கின்றன. மோதினால் அந்த விசை முதுகெலும்பை அழுத்தும். தோளிலிருந்து பட்டை ஏறக்குறைய கிடைமட்டமாகப் பின்னால் போக வேண்டும். அதற்குச் சீட்டின் பின்னால், தோள் உயரத்தில், ரோல் பாரோ ஹார்னெஸ் பாரோ இருக்க வேண்டும். இது இல்லாத காரில் மாட்ட முடியாது என்று நீங்கள் மறுத்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். மேலும், ஆறு முனை ஹார்னெஸ் விற்றுவிட்டு, தொடைகளுக்கு நடுவே வரும் இரண்டு பட்டைகளையும் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறீர்கள். அவை இல்லாவிட்டால் இடுப்புப்பட்டை மேலேறி, இடுப்பெலும்புக்குப் பதிலாக வயிற்றில் உட்காரும்.

சக்கர நட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் காருக்கு முடுக்க வேண்டிய அளவு 120 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னால் முடுக்கியதில் ஒரு நட்டு 200-ஐத் தாண்டியே அசைந்தது. இழுபட்ட ஸ்டட்டை (நட்டு ஏறும் திருகுத் தண்டை) நம்பி ஓட்ட முடியாது என்பதால் அந்தச் சக்கரத்தின் ஐந்து ஸ்டட்டுகளையும் மாற்ற வேண்டும்.

நான் கேட்பது இவை. பிரேக் வேலைக்கான கூலி 480, திரவத்துக்கு 260, ஆயில் கூலர் பொருத்திய கூலி 650, அலைன்மென்ட் 180, ஹார்னெஸ் பொருத்திய கூலி 350, மொத்தம் 1,920 ரிங்கிட்டைத் திருப்பித் தர வேண்டும். தெர்மோஸ்டாட் உள்ள பிளேட், உரசித் தேய்ந்த ஹோஸ், ஐந்து ஸ்டட்டுகள் ஆகியவற்றைப் புதிதாகத் தர வேண்டும். ஹார்னெஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அதன் விலையையும் தர வேண்டும். வேலையை நான் வேறு பட்டறையில் செய்துகொள்கிறேன்.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட்டிருக்க வேண்டும், எந்த நோக்கத்துக்கென்று வாடிக்கையாளர் சொன்னாரோ அதற்குப் பொருந்தவும் வேண்டும். என் நோக்கம் உங்கள் ஜாப் ஷீட்டிலேயே இருக்கிறது. 14 நாட்களுக்குள் எழுத்து மூலமாகப் பதில் வராவிட்டால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை ஏற்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பேன்.

கழற்றிய ரப்பர் வளையம், தேய்ந்த ஹோஸ், பழைய பிரேக் திரவத்தின் மாதிரி எல்லாம் என்னிடம் பத்திரமாக உள்ளன. பில், ஜாப் ஷீட், அலைன்மென்ட் தாள், படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். உங்கள் தலைமை மெக்கானிக் நேரில் வந்து பார்க்க விரும்பினால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரலாம். இதே பிளேட்டை இதே ஆட்கள் பொருத்திய வேறு 86 கார்கள் இருந்தால், அவற்றின் உரிமையாளர்களை இன்றே கூப்பிட்டு அந்த ரப்பர் வளையத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு என் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்