தறிச்சத்தம் நின்ற வீடு

அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள மாப்ளைக்கு,

காய்ச்சல் விட்டதா? ஏற்காட்டுக் குளிரில் இருந்துகொண்டு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாதே. தறிக்கார அண்ணன் போனதைப் போனில் சொல்லிவிட்டேன். மற்றதைச் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை.

பேனர் அடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடைப் பையன் கம்ப்யூட்டரைத் திருப்பி, "வாசகம் ரெடியா இருக்கு, பாருங்க" என்றான். மண்ணை விட்டு மறைந்தாலும் மனதை விட்டு மறையாத தெய்வமே, பாசத்தின் சிகரமே, தியாகத்தின் திருவுருவமே. யார் செத்தாலும் பெயரை மட்டும் மாற்றினால் போதும். எனக்கு நெஞ்சு எரிந்தது. அண்ணன் சிகரமும் இல்லை, திருவுருவமும் இல்லை. கோபக்காரர், கடன் வாங்கினால் சொன்ன தேதியில் திருப்பித் தருகிறவர், ஐம்பது வருஷம் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவர். பெயர், தோற்றம், மறைவு, அதற்குக் கீழே 'பட்டு நெசவாளர்' என்று மட்டும் போடச் சொன்னேன். "காலியா தெரியுமே, புறா, மெழுகுவத்தி வைக்கட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன்.

அன்று ராத்திரி வீட்டில் டிவி ஓடியது. பாட்டுப் போட்டி. பத்து வயது இருக்கும், அந்தப் பிள்ளை மேல் பஞ்சமத்தில் அசையாமல் நின்றது. உடம்பு சிலிர்த்துவிட்டது எனக்கு. பாட்டு முடிந்ததும் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள், வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டார்கள், பின்னால் வயலின் அழுதது, நடுவர் கண்ணைத் துடைப்பதை மூன்று தடவை காட்டினார்கள். பிள்ளை மைக்கைப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. அது பாட வந்த பிள்ளை, மாப்ள. அதன் வறுமையை விற்றுவிட்டுப் பாட்டைக் கீழே போட்டுவிட்டார்கள்.

நம் ஊருக்கும் சினிமாவுக்கும் உறவு இல்லாமல் இல்லை. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவு ஏற்காடு ரோட்டில் இன்னும் நிற்கிறது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-இல் அங்கிருந்துதான் வந்தது. அண்ணன் கூட்டிப்போய்க் காட்டிய படங்களிலும் அழுகை உண்டு. கத்திச்சண்டை, துப்பு, சிரிப்புக்கு நடுவே தன் முறை வரும்போது வரும். இப்போது அம்மா சென்டிமென்ட், தங்கச்சி சென்டிமென்ட் என்று சரக்கு மாதிரி தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பூனை குறுக்கே போனாலும் சென்டிமென்ட், தாய் செத்தாலும் சென்டிமென்ட். இரண்டுக்கும் ஒரே சொல்லா?

அண்ணனை எடுக்கும்போது அண்ணி ஒப்பாரி வைத்தார். "தறியில நாடா ஓடுற சத்தம் கேட்டுத்தானே அடுப்பு பத்த வச்சேன், இனி எந்தச் சத்தம் கேட்டு எந்திரிப்பேன்." அவ்வளவுதான். தெய்வமும் இல்லை, சிகரமும் இல்லை. பந்தலில் பேசிக்கொண்டிருந்தவர்களெல்லாம் அப்படியே அடங்கிப்போனார்கள். பாவு ஓடி ஓடிக் கை காய்த்த மனுஷன் நான், தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மனதில் இருப்பது உடம்பில் தெரிவதை மெய்ப்பாடு என்பார்கள்; தொல்காப்பியம் அப்படி எட்டு சொல்கிறது. அதில் அழுகைக்கு நான்கு காரணம்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, இழப்பது, பழைய நிலை கெடுவது, இல்லாமை. காரணம் முதலில், கண்ணீர் பிறகு. அண்ணி அதைப் படித்தவர் இல்லை. ஆனால் எதை இழந்தோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அந்தப் பொருளின் பெயரைச் சொன்னார். பாசம், தியாகம், உயிர் என்று தினமும் வாரி இறைத்தால், நமக்கு ஒன்று நேரும்போது சொல்ல என்ன மிச்சம் இருக்கும்? என் பேரன் இரங்கல் சொல்லப் போனில் அழுகிற பொம்மைகள் ஏழு அனுப்பினான். அவனுக்கும் துக்கம்தான். வார்த்தைதான் இல்லை.

வியாழக்கிழமை பதினாறாம் நாள் காரியம். உடம்பு தேறியிருந்தால் காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு. அவர் நெய்துகொண்டிருந்த வெண்பட்டு தறியிலேயே இருக்கிறது, இரண்டு முழம் பாக்கி. அறுத்து எடுக்க அண்ணி விடவில்லை. என்னைத்தான் நெய்து முடிக்கச் சொல்கிறார். கண் முன்னைப் போல இல்லை, இழை அறுந்தால் பிணைக்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். நீ வா.

உன்,
அம்மாபேட்டை மாப்ள