ஊரணியில் ஜேசிபி இறங்கும் முன்: செட்டிநாட்டு ஊர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களில் ஊரணி, கண்மாய்ப் பணிகளை எடுத்து நடத்தும் ஊராட்சி நிர்வாகத்தாருக்கும், நகரத்தார் சங்கத்தாருக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து அதற்குப் பணம் அனுப்பும் அன்பர்களுக்கும் வணக்கம்.

கோடை வந்தால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் எங்காவது ஓர் ஊரணியில் தூர்வாரும் வேலை தொடங்குகிறது. நல்ல காரியம். ஆனால் வேலை முடிந்ததும் வாசிக்கிற கணக்கில் இத்தனை லோடு மண், இத்தனை மணி நேரம் இயந்திரம், இத்தனை மரக்கன்று என்றுதான் இருக்கிறது. அடுத்த மாசியில் ஊரணியில் எவ்வளவு தண்ணீர் கிடந்தது என்ற வரி இல்லை. அந்த வரியை எழுத வைக்கவும், அது ஏமாற்றமாக அமையாமல் பார்த்துக்கொள்ளவும் என்ன செய்யலாம் என்று சொல்லவே இந்த மடல்.

முதலில் ஊரணி எதற்கு என்பதை ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்து எழுதிவையுங்கள். தண்ணீரைத் தேக்கிப் புழங்கவா, சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊற்று ஏறவா? தேக்குவதற்கு என்றால் தரைக்குள் இறங்கும் நீர் நட்டம். ஊற்றுக்கு என்றால் அதுவே லாபம். இந்த முடிவு இல்லாமல் தோண்டிவிட்டு, மூன்றே மாதத்தில் வற்றியதும் "நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்" என்று ஆறுதல் சொல்வது திட்டமிடல் ஆகாது.

இங்கே அதிகம் நடக்கும் பிழை, ஆழமாகத் தோண்டினால் அதிகத் தண்ணீர் நிற்கும் என்ற நம்பிக்கையிலிருந்து வருகிறது. நம் பகுதியில் பல இடங்களில் மேலே வண்டலும் களியும், அதற்குக் கீழே சரளையும் செம்புறாங்கல்லும் கிடக்கின்றன. காலங்காலமாகப் படிந்த களிதான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. இயந்திரம் அதைக் கிழித்துச் சரளைக்குள் போய்விட்டால் ஊரணி ஆழமாகத் தெரியும், நீர் நிற்காது. ஆகவே சித்திரை, வைகாசியில் தரை காய்ந்திருக்கும்போது நான்கு மூலையிலும் நடுவிலும் சோதனைக் குழி எடுங்கள். நீங்கள் நினைக்கும் அடிமட்டத்துக்குக் கீழே இன்னும் ஒரு மீட்டராவது போய், களி எங்கே முடிகிறது என்று ஒவ்வொரு குழிக்கும் எழுதுங்கள். தேக்கும் ஊரணி என்றால் அடியில் குறைந்தது அரை மீட்டர் களியை விட்டு நிறுத்துவது எங்கள் பரிந்துரை. சோதனைக் குழியைத் திறந்தபடி விடாமல் களியால் அடைத்துக் கெட்டிக்க வேண்டும். அதுவே ஓட்டையாகிவிடக் கூடாது. தப்பித் தவறிச் சரளை வெளியே வந்துவிட்டால் வேறு இடத்துக் களியை ஈரப்பதத்தோடு 15 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பரப்பி, அடுக்குக்கு அடுக்கு ரோலர் ஓட்டி மூடலாம். அந்தச் செலவுக்கான தொகை மதிப்பீட்டில் முன்பே இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஊரணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால். செட்டிநாட்டு ஊர் அமைப்பில் வீட்டு வளவின் முற்றத்தில் விழும் மழை தெருவுக்கு வந்து, தெருவோரக் காலில் ஓடி ஊரணியைச் சேரும். இன்று அந்தப் பாதை பல இடங்களில் அறுந்துவிட்டது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டு மட்டம் உயர்ந்திருக்கும். சிறுபாலத்தின் குழாய் காலின் தரையைவிட ஒரு சாண் மேலே பதிந்திருக்கும். யாரோ வாசலுக்குச் சாய்தளம் கட்டியிருப்பார்கள். ஊரணிக்குள் எவ்வளவு தோண்டினாலும் இவை சரியாகாது. புலப்படத்தை (நில அளவை வரைபடம்) வைத்துக்கொண்டு ஊரணியின் வரத்துவாயிலிருந்து மேட்டுப் பகுதி வரை நடந்து, 20 மீட்டருக்கு ஒரு புள்ளியில் மட்டம் எடுங்கள். மட்டம் எடுக்கும் கருவியான டம்பி லெவல் கிடைக்காவிட்டால் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். மேட்டை நோக்கி நடக்கையில் எந்தப் புள்ளி முந்தைய புள்ளியைவிட உயர்வாக இல்லாமல் நீர் வரும் திசைக்கு எதிராகச் சரிகிறதோ, அங்கேதான் முதல் செலவு. ஆக்கிரமிப்பு இருந்தால் வட்டாட்சியரிடம் அளவீடு கோருங்கள். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித்துறை (இப்போது நீர்வளத்துறை) கண்மாய்களுக்கானது. ஊராட்சி ஊரணிக்கு எந்த வழி பொருந்தும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அளவீடு முடிய மாதங்கள் ஆகலாம். அதனால் ஊரணிக் கரைக்கு ஒப்பந்தம் போடும் முன்பே இந்த மனு போயிருக்க வேண்டும்.

அதே தெருக்காலில் செப்டிக் டேங்க் வழிந்த நீரும் வருகிறது என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும். எத்தனை வீட்டுக் குழாய் காலில் திறந்திருக்கிறது என்று எண்ணி, படத்தில் குறியுங்கள். அவற்றை வேறு வழியில் திருப்பும் வரை ஊரணியைக் குடிநீர் என்று அறிவிக்காதீர்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஓர் ஈ.கோலை கூட இருக்கக் கூடாது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். வரத்துவாய்க்கு முன்னால் ஒரு வண்டல் தொட்டியும், முதல் மழையை வெளியே திருப்பிவிட ஒரு பலகை அடைப்பும் வையுங்கள். பலகையை யார் எப்போது எடுப்பது என்று பெயரோடு எழுதாவிட்டால் அது மழைக்காலம் முழுதும் மூடியே கிடக்கும்.

ஆபத்துப் பட்டியல் என்று தடிமனான அறிக்கை வேண்டாம். ஒரே தாள், எட்டு அல்லது பத்து வரி. ஒவ்வொரு வரியிலும் என்ன கெடலாம், நடக்கும் வாய்ப்பு 1 முதல் 3, நடந்தால் சேதம் 1 முதல் 3, இரண்டையும் பெருக்கிய எண், முதல் அறிகுறி என்ன, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ன செய்வது. 6க்கும் மேல் வரும் வரிகளுக்கு மாற்று வழியும் பணமும் ஒதுக்குங்கள். உதாரணத்துக்கு ஒரு வரி: "ஆவணி 15க்குள் பாதிக் கரை கெட்டிப்படாவிட்டால் இந்த ஆண்டு மேலே தோண்டுவதில்லை, வரத்துக்காலை மட்டும் முடிப்பது." வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது என்றாலும் நம் பக்கம் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே இடிமழை கொட்டும். கெட்டிப்படாத புதுக் கரை ஒரே இரவில் சரிந்து, எடுத்த மண் மறுபடி உள்ளே போகும். தண்ணீர் அதிகம் நிற்கட்டும் என்று, மிகுதி நீர் வழிந்தோடும் கலுங்கை உயர்த்தும் ஆசையும் பட்டியலில் வர வேண்டும். கலுங்கு உயர்ந்தால் மேலே உள்ள வயல் மூழ்கும், கரைக்கும் ஆபத்து.

சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டிவிட்டு அகற்றியாயிற்று என்று எழுதுவது வீண். அடிக்கட்டை மறுபடி தழைக்கும். வேரோடு பெயர்த்து, முதல் நல்ல மழைக்குப் பிறகு ஆறு வாரத்தில் முளைத்த கன்றுகளைப் பிடுங்க ஆள் வையுங்கள். ஆனால் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு வைக்கின்றனவா என்று பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். 1977 முதல் சரணாலயமாக உள்ள வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் நமக்கு வெகு தூரம் இல்லை. அங்கே பறவைகளுக்காக மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மரக்கன்றைப் பொறுத்தவரை நட்ட எண்ணிக்கையைச் சொல்ல வேண்டாம். இரண்டு கோடை தாண்டி உயிரோடு நிற்பதைச் சொல்லுங்கள். கூண்டுக்கும் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றவும் பணம் எவ்வளவோ, அவ்வளவு கன்று போதும்.

இனி அளவீடு. தோண்டிய மண்ணை லோடில் அளக்காதீர்கள். அள்ளிய மண் தளர்ந்து ஊதும்; கிடந்த மண்ணைவிட நாலில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரியலாம். வேலைக்கு முன்னும் பின்னும் 10 மீட்டருக்கு ஒரு புள்ளியில் மட்டம் எடுத்து, வித்தியாசத்துக்கு மட்டும் பில் கொடுங்கள். அந்த மட்டங்களே பிறகு, எத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்கு எத்தனை கன மீட்டர் நீர் என்ற அட்டவணையாகும். படித்துறையில் சென்டிமீட்டர் கோடு போட்ட அளவுகோலைப் பதியுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானி வைத்துத் தினமும் காலை 8.30க்குப் படியுங்கள்.

இந்த இரண்டு எண்களும் இருந்தால் ஊரணி தன் கோளாறைத் தானே சொல்லிவிடும். ஒரு கணக்கு பாருங்கள். வரத்துப் பரப்பு 10 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 25 ஏக்கர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அங்கே விழுவது 5,000 கன மீட்டர். நிலம் நனைந்த பின் பெய்யும் மழையில் பத்தில் மூன்று பங்கு ஓடி வருவதாக வைத்தால் 1,500 கன மீட்டர். ஊரணி 3,000 சதுர மீட்டர் என்றால் மட்டம் அரை மீட்டர் ஏற வேண்டும். 10 சென்டிமீட்டர்தான் ஏறியது என்றால் கோளாறு வரத்துக்காலில். அதற்குப் பதில் நன்றாக ஏறிவிட்டு வேகமாக இறங்குகிறதா? மழையில்லாத, மோட்டார் ஓடாத பத்து நாள் இறக்கத்தைப் பாருங்கள். தை மாதத்தில் வெயிலுக்குப் போவது நாளுக்கு 4, 5 மில்லிமீட்டர் இருக்கலாம். நாளுக்கு மொத்தம் 15 மில்லிமீட்டர் குறைந்தால் மீதி 10 தரைக்குள் போகிறது. தேக்கும் ஊரணியில் அது பழுது. ஊற்றுக்கான ஊரணி என்றால் அந்த நீர் கிணற்றில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்: அரை கிலோமீட்டருக்குள் நான்கு கிணறு, ஒப்பிட்டுப் பார்க்கத் தொலைவில் இரண்டு கிணறு, மாதம் ஒரே தேதியில், மோட்டார் போடும் முன், கைப்பிடிச் சுவரில் குறித்த ஒரே புள்ளியிலிருந்து.

மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எந்த வேலையும் வெற்றியாகத் தெரியும், பொய்த்த ஆண்டில் நல்ல வேலையும் தோற்றதாகத் தெரியும். ஆகவே நின்ற நீரைப் பெய்த மழையால் வகுத்துச் சொல்லுங்கள். வேலை செய்யாத பக்கத்து ஊர் ஊரணி ஒன்றிலும் அதே அளவை எடுத்து அருகே எழுதுங்கள். வேலைக்கு முந்தைய ஒரு மழைக்காலத்தின் அளவு கையில் இருந்தால் இன்னும் உறுதி. ஓராண்டு காத்திருந்து அதை எடுத்துவிட்டுத் தொடங்குவதில் எந்த இழப்பும் இல்லை.

நிதி தருவோருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு என்று வங்கியில் ஒதுக்குங்கள். ஒப்பந்தக்காரருக்கான கடைசித் தவணையை முதல் மழைக்காலம் முடிந்து, கரையும் கலுங்கும் நின்றதைப் பார்த்த பிறகு விடுவியுங்கள். இதை ஒப்பந்தத்திலேயே எழுதினால் பிறகு மனத்தாங்கல் வராது. கல்வெட்டில் பெயர் பொறிப்பவர்கள் அதன் கீழேயே அந்தந்த ஆண்டின் மாசி மாத நீர்மட்டத்தை எழுத ஒரு பலகைக்கும் இடம் விடச் சொல்லுங்கள். அடுத்த கூட்டம் சித்திரைக்குள் நடந்தால் சோதனைக் குழிக்கும் மட்டம் எடுக்கவும் காலம் இருக்கும்.

இப்படிக்கு,
நீர்நிலைப் பணிகளில் ஈடுபட்டிருப்போர்