கேசட்டைத் தூக்கிப் போடும் முன்

ஆசிரியருக்கு,

அக்டோபர் 27, உலக ஒலி-ஒளி மரபு நாள் வந்தால் பிரதி மிஞ்சாத 1931-ஆம் ஆண்டின் 'காளிதாஸ்', 2003-இல் புனேயில் எரிந்துபோன நைட்ரேட் படச்சுருள்கள் என்று சினிமாவுக்காகவே வருந்துகிறோம். சபாக்களிலும் கட்சி அலுவலகங்களிலும் கல்லூரி அலமாரிகளிலும் கேசட்டாகக் கிடக்கும் கச்சேரி, மேடைப்பேச்சு, தெருக்கூத்து, ஒப்பாரியும் நாட்டின் வரலாறுதான். அவற்றை அவசரமாக, ஒலியின் ஒரு பகுதியைக் கழித்துச் சுருக்கும் எம்பி3 ஆக்கிவிட்டுக் காயலான் கடைக்குப் போடுவது இப்போது பரவலாக நடக்கிறது.

டேப் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டவே கூடாது. டெக்கின் (கேசட்டை ஓட்டும் கருவியின்) ஹெட்டில், அதாவது டேப்பைத் தொட்டுப் படிக்கும் பகுதியில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போய்விடும். மற்றவற்றில் முதலில் கேசட்டின் பின்புறத்து இரு பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிட்டால், கைதவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் பதிவு அழியாது. டேப்பை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுத்துண்டு உதிர்ந்திருந்தால், சுருளைத் திருகு வைத்த வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

பெரும்பாலோர் விட்டுவிடுவது ஹெட்டின் கோணத்தை. பதிந்த கருவியும் ஓட்டும் கருவியும் இதில் ஒத்துப்போகாவிட்டால் ஜால்ரா மங்கும், 'ச'வும் 'ஸ'வும் அமுங்கும். ஹெட் அருகிலுள்ள திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக அப்படியும் இப்படியும் திருப்பி, ஒலி மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட் இதைச் செய்தாக வேண்டும். இங்கே இழந்ததை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. டால்பி எனும் இரைச்சல் குறைப்பு வசதி இல்லாமல் பதிந்த டேப்பை டால்பி போட்டு ஓட்டினாலும் இதே கதிதான்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், சுருக்காத வேவ் கோப்பாகச் சேமித்தால் ஒரு மணி நேர ஸ்டீரியோவுக்குச் சுமார் 2 ஜிபி ஆகும். 500 மணி நேரம் ஒரு டெராபைட்டில் கிட்டத்தட்ட அடங்கிவிடும். இன்றைய வட்டு விலையில் எம்பி3-க்கு இறங்க நியாயமே இல்லை. மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில். உறையில் எழுதியுள்ள பெயர், இடம், தேதியையும் படமெடுத்துக் கோப்போடு வையுங்கள். யார் குரல் என்று தெரியாத பதிவை ஆய்வாளர் யாரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்.

மாற்றிய பிறகும் மூல கேசட்டை நிமிர்த்தி, ஈரமில்லாத இடத்தில், ஒலிபெருக்கியின் காந்தத்திலிருந்து தள்ளி வைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேர டேப்பை மாற்ற ஒரு மணி நேரமாவது ஆள் காதுகொடுத்து உட்கார்ந்தாக வேண்டும் என்பதால், தன்னார்வலரை நம்பி இது முடியாது. மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு நல்ல டெக், ஒரு கணினி, பயிற்சி பெற்ற ஒருவர் என்று பொது நூலகத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். புதிய டெக்குகளில் தரமானவை அரிது. பழையவற்றைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள் இருக்கும்போதே இதைத் தொடங்க வேண்டும்.

ஒலிப்பதிவுப் பாதுகாப்புப் பணியாளர்கள்,
சென்னை