பினாங்கு வானத்துக்கு ஒரு தொலைநோக்கி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். ஆயர் ஈத்தாமில் எங்கள் குழு நடத்திவரும் விண்வெளி விளையாட்டு அறையை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போகும் பெற்றோர் உண்டு, சனிக்கிழமை இரவு சிரிப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டவர்களும் உண்டு. அந்த அறைக்குச் சொந்தமாக ஒரு நல்ல தொலைநோக்கியும், கூடுதலாக இரண்டு கணினிகளும் வாங்க 9,000 வெள்ளி (ரிங்கிட்) திரட்டுகிறோம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

"கம்ப்யூட்டர் கேமுக்கா நன்கொடை?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகிவிட்டது.

பிள்ளைகள் அதிகம் விளையாடுவது எலிட் டேஞ்சரஸ் என்ற, விண்கப்பல் ஓட்டும் கணினி விளையாட்டு. 2014 டிசம்பரில் வெளிவந்தது. நம்முடைய பால்வீதி முழுவதையும், ஏறத்தாழ 400 பில்லியன் நட்சத்திர மண்டலங்களோடு, அசல் அளவிலேயே அதற்குள் அமைத்திருக்கிறார்கள். நமக்கு அருகில் உள்ள விண்மீன்களை வானியல் பட்டியல்களிலிருந்து எடுத்திருக்கிறார்கள். மற்றவை கணக்கிட்டு உருவாக்கப்பட்டவை. இதில் நெடுந்தூரம் போகிறவர்களின் கப்பலில் எரிபொருள் தீர்ந்துவிடும். அப்போது ஒரு விண்மீனின் ஓரமாகக் கப்பலை ஓட்டி ஹைட்ரஜனை அள்ளிக்கொள்ள வேண்டும். எல்லா விண்மீனிலும் அள்ள முடியாது. விண்மீன்களை வெப்பத்தையும் நிறத்தையும் வைத்து வானியலாளர்கள் பிரிக்கும் வகைகளில் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்பவற்றில்தான் முடியும். வகை தெரியாமல் அடுத்த விண்மீனுக்குத் தாவியவர் நடுவானில் நிற்க வேண்டியதுதான். உடனே ஹெட்போனில் ஆரம்பித்துவிடும்: "கமாண்டர், பெட்ரோல் ஊத்தினீங்களா இல்லையா?" "கமாண்டர், அங்கேயே ஒரு மாமாக் கடை போட்டுருங்க!"

அந்தக் கேலிக்குப் பயந்தே எங்கள் பிள்ளைகள் விண்மீன் வகைகளை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அதுவும் எப்படி! சூரியன் ஜி. திருவாதிரை சிவந்த எம். சுவாதி ஆரஞ்சு நிறத்துக் கே. சித்திரை நீலம் கலந்த வெள்ளை, வகை பி. ஒருநாள் இரவு பாலிக் புலாவுக்கு அவர்களை அழைத்துப் போனோம். மலைக்கு அந்தப் பக்கம் ஜார்ஜ்டவுன் வெளிச்சம் குறைவு. சுவாதியையும் சித்திரையையும் காட்டினோம். "இது கே, அது பி" என்று வெறும் கண்ணால் பார்த்தே சொன்னார்கள். ஜாதகத்தில் மட்டுமே கேட்டிருந்த பெயர்களைத் தங்கள் பிள்ளைகள் வானத்தில் தொட்டுக் காட்டியதை உடன் வந்த தாய்மார்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த வேலையை நிறுத்தவே கூடாது என்று குழுவில் எல்லாரும் முடிவு செய்தது அந்த இரவில்தான்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டில் ஆல்ஃபா சென்டாரி மண்டலத்தில் ஹட்டன் ஆர்பிட்டல் என்று ஒரு நிலையம் இருக்கிறது. கப்பல் போய் இறங்கும் இடத்திலிருந்து அது 0.22 ஒளியாண்டு தள்ளி (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்தான் ஒளியாண்டு). ஒரு மணி நேரத்துக்கு மேல் நேராக ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். "அங்கே போனால் அனகோண்டா கப்பல் இலவசம்" என்று புதியவர்களை அனுப்பிவைப்பது உலகம் முழுக்க அந்த விளையாட்டுக்காரர்களின் பழைய குறும்பு. கப்பல் எதுவும் கிடைக்காது. எங்கள் அறையிலும் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு இதுதான் வரவேற்பு. போய்ச் சேரும்வரை அத்தனை பேரும் உடனிருந்து கதை பேசி, சேர்ந்ததும் கைதட்டி, ஒரு கப் மைலோ கொடுப்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எங்கள் குடும்பத்தில் ஒன்று.

அப்படிப் போய் வந்தவர்களைத் தெலுக் கும்பார் கடற்கரைக்கு அழைத்துப் போவோம். அங்கே தெற்கே பார்த்தால் கடல். தென்சிலுவைக்குப் பக்கத்தில் பளிச்சென்று ஆல்ஃபா சென்டாரி. சிறிய தொலைநோக்கியிலேயே அது இரண்டு விண்மீன்களாகப் பிரிந்து தெரியும். நான்கு ஒளியாண்டுக்குச் சற்று மேலான தூரம் அது. இன்று படிவம் நான்கில் இருக்கும் பிள்ளையின் கண்ணில் படும் ஒளி, அந்தப் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது அங்கிருந்து கிளம்பியது. இதைச் சொன்னதும் கேலி எல்லாம் அடங்கி, வரிசையில் நின்று மறுபடி மறுபடி பார்ப்பார்கள்.

இதுவரை நண்பர் ஒருவரின் தொலைநோக்கியை இரவல் வாங்கித்தான் காட்டிவந்தோம். அவர் வேலை மாற்றலாகி ஜொகூருக்குப் போகிறார். அவர் செய்த உதவிக்கு என்றும் நன்றி.

இனி வாங்க நினைப்பது 8 அங்குல டாப்சோனியன், அதாவது எளிய தாங்கியில் வைத்துக் கையால் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி. 203 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி, இருட்டுக்குப் பழகிய கண்ணைவிட 800 மடங்குக்கு மேல் ஒளி திரட்டும். வியாழனின் நான்கு நிலாக்கள், சனியின் வளையம், ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் எல்லாம் நன்றாகத் தெரியும். மோட்டார் வைத்துத் தானாகவே தேடித் தரும் வகையும் கிடைக்கிறது. வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கையால் தள்ளித் தேடினால்தான் வானம் மனதில் பதியும். அதோடு நம் ஊர் ஈரக்காற்றில் பழுதாகக்கூடிய பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இந்த வகையைப் பிரபலமாக்கிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கழித்துப்போட்ட கண்ணாடி, அட்டைக் குழாய், பலகை என்று கிடைத்ததைக் கொண்டு தொலைநோக்கி செய்தார். மடத்தை விட்டு வந்தபின் அதைத் தெருவோரத்தில் நிறுத்தி, போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நாங்களும் அப்படித்தான் செய்யப்போகிறோம். எங்கள் தொலைநோக்கியில் பார்க்க யாரிடமும் காசு வாங்கமாட்டோம். கோயிலில் நவக்கிரகம் சுற்றும் பாட்டிமார்களும் வந்து சனியின் வளையத்தைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

அப்புறம், கணினி ஏன்? பினாங்கில் மழையும் மேகமும் அதிகம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை சொல்லவே வேண்டாம். வானம் மூடிய இரவில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினால் ஆர்வம் அடங்கிவிடும். அந்த இரவுகளுக்குத்தான் விளையாட்டு. பெரிய பிள்ளைகளுக்கு ஆர்பிட்டர் என்ற இலவசப் பயிற்சி மென்பொருளையும் சொல்லித்தருகிறோம். 2000இல் வந்தது, விண்கலப் பயண விதிகளை அப்படியே பின்பற்றுவது. ஒரே சுற்றுப்பாதையில் முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் நம் பாதை உயர்ந்து, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் கூடி, இன்னும் பின்தங்கிவிடுவோம். வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்கினால்தான் எட்டிப் பிடிக்கலாம். இதைப் புத்தகத்தில் படிப்பதைவிடக் கையால் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நன்றாக விளங்குகிறது. 2009இல் ஏவப்பட்ட நம் நாட்டின் ராசாக்சாட் துணைக்கோள் பூமத்தியரேகையை ஒட்டி 9 பாகைச் சாய்வில் சுற்றியது. அதே பாதையை அமைத்துப் பார்க்கும் பயிற்சியை அடுத்துத் தொடங்க வேண்டும். இப்போதுள்ள ஒரே கணினிக்கு முன்னால் வரிசை மிக நீளம்.

கணக்கு இதுதான். தொலைநோக்கிக்கும், அதில் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸ் இரண்டுக்கும் 3,000 வெள்ளி. லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் வைக்க ஈரம் நீக்கும் பெட்டி 700. திரையோடு பயன்படுத்திய கணினிகள் இரண்டு 4,000. ஜாய்ஸ்டிக் 900. சூரிய வடிகட்டி, சிவப்பு டார்ச் விளக்கு, பாய் போன்றவற்றுக்கு 400. அறைக்கு வாடகை இல்லை, மின்கட்டணத்தைக் குழுவினரே பார்த்துக்கொள்கிறோம். தொகை முழுவதும் சேராவிட்டால் முதலில் தொலைநோக்கி, பிறகுதான் கணினி. மிஞ்சினால் ஒரு பைனாகுலர். வரவு செலவு மாதந்தோறும் அறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

நவம்பர் முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஜனவரி, பிப்ரவரியில்தான் இங்கே வானம் நன்றாகத் திறக்கும். தைப்பூசமும் அப்போதுதான் வரும். முழுநிலா நிற்கும் அந்தப் பூச நட்சத்திரத்துக்கு நடுவில் ஒரு அழகான விண்மீன் கூட்டம் இருக்கிறது. திருவிழா இரவில் நிலா வெளிச்சம் அதை மறைத்துவிடும். ஒரு வாரம் கழித்து, நிலா தாமதமாக எழும் இரவில், பாலிக் புலாவில் எல்லாருக்கும் அதைக் காட்டத் திட்டமிட்டிருக்கிறோம். சித்திரை, வைகாசி மாதங்களில் வடக்கே அருந்ததியும் தெற்கே தென்சிலுவையும் ஒரே இரவில் தெரியும். லண்டனில் இருப்பவருக்குத் தென்சிலுவை கிடையாது, சிட்னியில் இருப்பவருக்கு அருந்ததி அடிவானத்தைத் தாண்டி மேலே வருவதே அரிது. நமக்கு இரண்டும் வாய்த்திருக்கிறது. கல்யாண மண்டபத்துக் கூரையைப் பார்த்து "அருந்ததி தெரிகிறதா?" என்று கேட்கப்பட்ட தம்பதிகள் அவசியம் வாருங்கள். பக்கத்தில் இருக்கும் வசிட்டர் விண்மீன் தொலைநோக்கியில் இரண்டாகத் தெரிவதையும் பார்க்கலாம்.

எலிட் டேஞ்சரஸில் ஃப்யூல் ராட்ஸ் என்று ஒரு தொண்டர் கூட்டம் உண்டு. 2015 முதல், எரிபொருள் தீர்ந்து நிற்கும் முன்பின் தெரியாதவர்களைத் தேடிப்போய், பைசா வாங்காமல் ஊற்றிவிட்டு வருகிறார்கள். எங்கள் பிள்ளைகளில் சிலரை அவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். இப்போது நின்றுபோயிருப்பது எங்கள் அறை. பத்து வெள்ளியானாலும் சரி, ஆயிரமானாலும் சரி, மனமுவந்து கொடுங்கள். பணமாகத்தான் வேண்டும் என்றில்லை. வேலை செய்யும் பழைய திரை, விசைப்பலகை, நாற்காலி எதுவும் உதவும். தொலைநோக்கியின் குழாய் கிட்டத்தட்ட 1.2 மீட்டர் நீளம், காரின் பின் இருக்கையில் படுக்கவைக்கலாம். மாதம் ஓர் இரவு கார் தரக்கூடியவர்கள் இருந்தால் அதுவும் பெரிய உதவி.

சனிக்கிழமைகளில் இரவு 8 மணிக்கு மேல் அறைக்கு வந்தால் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளலாம். டுயிட்நவ் மூலம் அனுப்ப விரும்புவோருக்கான கியூஆர் குறியீடும் அங்கே வாசலிலேயே ஒட்டியிருக்கிறது. அனுப்பும்போது குறிப்பில் "தொலைநோக்கி" அல்லது "கணினி" என்று எழுதினால் அந்தச் செலவிலேயே சேர்ப்போம்.

இப்படிக்கு,
ஏற்பாட்டுக் குழுவினர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு