பொன்னூர் மலையில் மேடை போடும் பெரியவர்களுக்கு

எங்கள் சமணச் சங்கங்களை நடத்தும் பெரியோர்களுக்கு, ஜெய் ஜினேந்திரா.

வந்தவாசிப் பக்கத்தில் பிறந்தவனுக்குப் பொன்னூர் மலையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உச்சியில் பழங்காலத் திகம்பரச் சமண முனிவர் குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகள். நமக்கு அவர் ஏலாசாரியார். பாட்டி கையைப் பிடித்துப் படியேறி அந்தப் பாதங்களில் பூ வைத்தவன், இன்று என் பிள்ளைகளோடு ஏறுகிறேன். மேடைப் பேச்சு மட்டும் அன்று கேட்டதுதான்: "திருக்குறள் தந்தவர் நம் ஏலாசாரியாரே!" அங்கே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

அந்த மரபை நான் இகழவில்லை. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அதற்காக எழுதியதை மதிப்போடுதான் படித்தேன். ஆனால் அது தீர்ப்பு வராத வழக்கு. ஆசாரியர் எந்தக் காலத்தவர் என்பதிலேயே ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. வில்லங்கமில்லாத சொத்தோ திறந்து பார்க்கப்படாமலே கிடக்கிறது: பழைய பிராகிருத மொழியில் ஆசாரியர் அருளிய நூல்களான சமயசாரம், பிரவசனசாரம், நியமசாரம், பஞ்சாஸ்திகாயம். அதே சக்கரவர்த்தி 1920இல் பஞ்சாஸ்திகாயத்தையும் 1950இல் சமயசாரத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது குறள் வாதத்தை மட்டும்தான்.

போன முறை குஜராத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பாதங்களுக்கு எதிரே உட்கார்ந்து சமயசாரப் பாட்டுகளைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. குஜராத்தின் சோன்கட்டில் இருந்த சமணப் பெரியவர் கான்ஜி சுவாமி வாழ்நாளெல்லாம் விளக்கிய நூல் அல்லவா! "உங்களுக்குப் பிடித்த காதா (பாட்டு) எது?" என்று அந்த அம்மா அரைகுறை இந்தியில் கேட்டபோது, மலைக்குச் சொந்தக்காரன் போல நின்ற எனக்கு வாய் வரவில்லை.

அதன்பிறகுதான் சமயசாரத்தைப் படித்தேன். அதில் ஒரு காட்சி. உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய ஒருவன் புழுதிக்காட்டில் ஆயுதம் வீசிப் பனையையும் வாழையையும் மூங்கிலையும் வெட்டுகிறான். மேலெல்லாம் தூசி. ஒட்டவைத்தது புழுதியா, வீச்சா? இல்லை, எண்ணெய். வினையும் அப்படித்தான், உள்ளே விருப்பு வெறுப்பு என்ற பசை இருந்தால்தான் ஒட்டும். பிராகிருதத்தில் எண்ணெய்க்கும் பற்றுக்கும் ஒரே சொல், 'ணேஹ'. நம் 'நேயம்' அதன் உறவு. பழைய அகராதியில் அதற்கு எண்ணெய் என்ற பொருளும் உண்டு!

கர்நாடகத்துச் சமணத் தலமான சிரவணபெளகொளக் கல்வெட்டு ஒன்று, அகத்திலும் புறத்திலும் தூசி படியாதவர் என்று காட்டவே நம் ஆசாரியர் நிலத்துக்கு நாலு விரற்கடை மேலே நடந்தார் போலும் என்கிறது. மண்ணில் படாத பாதத்துக்குத்தான் நாம் கல்லில் தடம் வைத்துக் கும்பிடுகிறோம். இந்த அழகையெல்லாம் பிள்ளைகளுக்கு எப்போது சொல்லப்போகிறோம்?

பிராகிருதம் புரியாதே என்பீர்கள். சமயசாரத்தின் எட்டாவது பாட்டைப் பாருங்கள்: வேற்று மொழிக்காரனுக்கு அவன் மொழியில் சொன்னாலொழிய விளங்காது, அதுபோல உலக வழக்கைக் கொண்டல்லாமல் மேலான உண்மையை உணர்த்த முடியாது என்கிறார் ஆசாரியர்.

அடுத்த விழாவில் பாதபூசை முடிந்ததும், பேச்சாளர் கைக்கு மைக் போவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே ஒரு பாட்டு, வீட்டுத் தமிழில். முதல் வருஷத்துக்கு அந்த எண்ணெய்ப் பாட்டே போதும். பாய் விரிக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன்